ஸ்டெம் செல்லை எப்படிப் பிரிக்கிறார்கள்? உப்புக் கரைசலில் இருந்து லேசர் வரை

மதுரை பொன்மேனியில் இருக்கும் என் அத்தைக்கு இரண்டு வருடமாக மூட்டுவலி. போன மாதம் பார்க்கப் போனபோது, செய்தித்தாளுக்குள் செருகி வந்த ஒரு பிட் நோட்டீஸை எடுத்து நீட்டினார். ‘உங்கள் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் பிரித்து, ஒரே நாளில் மூட்டில் ஊசி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடித்தது யார் என்பது இங்கே வேண்டாம். அத்தை கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியம்: “ஏன்டா, அதை எப்படிடா பிரிப்பாங்க? தயிரைக் கடைஞ்சு வெண்ணெய் எடுக்குற மாதிரியா?”

நல்ல கேள்வி. ஸ்டெம் செல் பற்றிப் பேசுகிற பலரின் மனதிலும் இந்தப் படம்தான் இருக்கிறது. உடம்புக்குள் அப்படி ஒரு பொருள் கலந்து கிடக்கிறது, சரியான மெஷினில் போட்டுச் சுற்றினால் தனியாகத் திரண்டு வந்துவிடும் என்று. நான் சில வருடம் ஓர் ஆய்வகத்தில் இந்தப் பிரிக்கிற வேலையைச் செய்தவன். அங்கே வெண்ணெய் திரண்டு நான் பார்த்ததில்லை. எந்த முறையும் ஸ்டெம் செல்லை ‘இதுதான் அது’ என்று அறிந்து பிடிப்பதில்லை. அதன் அடர்த்தி, ஒட்டும் குணம், மேல்புறத்தில் இருக்கும் ஓர் அடையாளம் என்று ஏதாவது ஒன்றைப் பிடிக்கிறது. அதே அடர்த்தியும் அதே அடையாளமும் வேறு செல்களுக்கும் இருக்கும். குழப்பம் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

## முதலில், ஸ்டெம் செல் என்றால்?

வாழைத் தோட்டத்தில் நின்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். தாய்மரம் குலை தள்ளியதும் அதன் வேலை முடிந்தது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பக்கக்கன்று விடுகிறது. அந்தக் கன்று மரமாகி, இலை, தண்டு, பூ, காய் எல்லாம் தரும். தானும் ஒரு கிழங்கை வைத்து அடுத்த கன்றை விடும். வாழையிலையை நட்டால் வாழை வராது.

ஸ்டெம் செல்லும் அந்தக் கிழங்கு மாதிரி. அதற்கு இரண்டு குணங்கள் இருக்க வேண்டும். ஒன்று, தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்குவது. மற்றது, வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய பிள்ளைகளைப் பெறுவது. தமிழில் குருத்தணு என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் ஊரில் யாரும் சொல்வதில்லை. அதனால் ஸ்டெம் செல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டெம் செல் ஒரே வகையும் அல்ல. எலும்பு மஜ்ஜையில், அதாவது எலும்புக்குள் இருக்கும் கூழில், ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் இருக்கிறது. அதே மஜ்ஜையிலும் கொழுப்பிலும், எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய இன்னொரு வகை இருக்கிறது. இதை மீசன்கைமல் செல் என்பார்கள். கருவிழியின் ஓரத்தில் வேறொன்று. ரத்த ஸ்டெம் செல்லைக் கொண்டுபோய் மூட்டில் விட்டால் குருத்தெலும்பு வளராது.

## கூட்டத்தில் ஒருவர்

மஜ்ஜையில் உள்ள செல்களில் ரத்த ஸ்டெம் செல் பத்தாயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரைதான். அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக் கரையில் பத்து லட்சம் பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நாம் தேடுகிறவர்கள் பத்துப் பேரில் இருந்து நூறு பேர் வரை.

அவர்களாவது வித்தியாசமாகச் சட்டை போட்டிருக்கிறார்களா என்றால், இல்லை. மைக்ராஸ்கோப்பில் ரத்த ஸ்டெம் செல்லும் லிம்போசைட் என்ற சாதாரண வெள்ளையணுவும் ஒரே மாதிரிதான் தெரியும். சின்னதாக, உருண்டையாக, உள்ளே பெரிய கருவோடு, அதாவது நியூக்ளியஸோடு. பார்த்துப் பொறுக்க வழியே கிடையாது.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? கூட்டத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு வகையில் கூட்டத்தைக் குறைக்கிற வேலைதான்.

## விதைநெல்லும் உப்புத் தண்ணீரும்

மேலூர் பக்கம், சோழவந்தான் பக்கம் நெல் போடுகிற வீடுகளில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விதைநெல்லைத் தேர்வு செய்ய உப்புத் தண்ணீர் கரைப்பார்கள். ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து மேல்பக்கம் ஒரு காசு அகலம் தெரியும்வரை உப்பைச் சேர்ப்பார்கள். அப்புறம் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறு நெல்லும் மேலே மிதக்கும், முற்றிய நெல் அடியில் தங்கும். வெறும் தண்ணீரில் இவ்வளவு துல்லியமாகப் பிரியாது. தண்ணீரின் அடர்த்தியைக் கூட்டியதுதான் சூட்சுமம்.

ஆய்வகத்திலும் இதே வேலைதான். உப்புக்குப் பதில் ஃபைகால் என்ற சர்க்கரை வகைப் பொருள் கரைந்த திரவம். அதன் அடர்த்தியை ஒரு மில்லிலிட்டருக்கு 1.077 கிராம் என்று நிறுத்தி வைத்திருப்பார்கள். முட்டை செய்கிற வேலையை இங்கே அந்த எண் செய்கிறது. குழாயில் முதலில் ஃபைகால், அதன்மேல் கலக்காமல் மெதுவாக ரத்தம் அல்லது மஜ்ஜை. பிறகு சென்ட்ரிஃப்யூஜ், அதாவது குழாய்களை வேகமாகச் சுழற்றும் இயந்திரம். புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசையில் அரை மணி நேரம் சுழன்றபின் எடுத்துப் பார்த்தால், அடியில் சிவப்பணுக்கள், மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் வெண்மையாக ஒரு மெல்லிய வளையம். அந்த வளையத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது.

நான் முதல்முறை செய்தபோது அந்த வளையமே வரவில்லை. சுழற்சி முடியும்போது இயந்திரத்தின் பிரேக்கை அணைத்து வைக்க வேண்டும், தானாக மெல்ல நிற்க வேண்டும். நான் மறந்துவிட்டேன். திடீரென்று நின்றதில் அடுக்கெல்லாம் கலங்கி, குழாய் முழுக்க ரோஸ்மில்க் நிறம். ஒரு முழுக் காலை வீண்.

ஒழுங்காக வந்த வளையமும் சுத்தமான ஸ்டெம் செல் அல்ல. அதில் பெரும்பங்கு லிம்போசைட்டும் மோனோசைட்டும், அவையும் வெள்ளையணுக்கள்தான். ஒரே அடர்த்தி உள்ளதெல்லாம் ஒரே இடத்தில் நிற்கும், அவ்வளவே. விலை குறைவு, வேகம் அதிகம், செல்லுக்கும் பெரிய சேதம் இல்லை. அதனால் பல ஆய்வகங்களில் இதுதான் முதல் படி. முதல் படி மட்டும்தான்.

## திடப்பொருளாக இருந்தால்?

ரத்தமும் மஜ்ஜையும் திரவம், ஊற்றலாம். கொழுப்போ தோலோ கருவிழியோ அப்படியல்ல. செல்கள் ஒன்றோடொன்று நாரால் கட்டப்பட்டிருக்கும். கட்டவிழ்க்க நொதிகள் வேண்டும். நொதி என்பது ஒரு குறிப்பிட்ட வேதிவேலையைச் செய்து முடிக்கும் புரதம். கொழுப்புக்குக் கொலாஜினேஸ் என்ற நொதி போடுவார்கள். கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நாரை அது அறுக்கும். அப்புறம் சுழற்றினால் எண்ணெயும் கொழுப்புச் செல்களும் மேலே மிதக்கும், மற்றவை அடியில் படியும்.

அத்தையின் நோட்டீஸ் சொல்வதைப் போல எல்லாம் ஒரே நாளில் முடிந்தால், கையில் கிடைப்பது அநேகமாக இந்தப் படிவுதான். இதற்கு ஸ்ட்ரோமல் வாஸ்குலர் ஃபிராக்‌ஷன் என்று பெயர். ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்கள், வெள்ளையணுக்கள், கொஞ்சம் சிவப்பணுக்கள், இணைப்புத்திசுச் செல்கள், இவற்றோடு நாம் தேடும் செல்லும் கொஞ்சம் இருக்கும். சாம்பாரை இறுத்து எடுத்துவிட்டு ‘பருப்பு’ என்று விற்பது போலத்தான். பருப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. முருங்கைக்காயும் புளியும் பெருங்காயமும்கூட இருக்கிறதே.

மூட்டுத் தேய்மானத்துக்கு இது நல்லதா என்பது வேறு கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆய்வு நிலையில் உள்ளவை. அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே அவற்றைச் செய்யலாம். அத்தையிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். நொதி, கட்டவிழ்க்கிறது. சுழற்சி, அடர்த்தியால் பிரிக்கிறது. இரண்டும் கூட்டத்தைக் குறைக்கின்றன, ஆளைக் கண்டுபிடிப்பதில்லை.

## வேட்டியில் ஒட்டும் நாயுருவி

வரப்பில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து வேட்டியை உதறினால் தூசி, சருகு எல்லாம் விழுந்துவிடும். நாயுருவி விதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். மீசன்கைமல் செல்லைப் பிரிக்கிற பழைய முறை இதுதான். மஜ்ஜையில் இருந்து எடுத்த செல்களைப் பிளாஸ்டிக் தட்டில், ஊட்டத்திரவத்தில் விட்டு வைப்பார்கள். இந்தச் செல்கள் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ரத்தச் செல்களில் பெரும்பாலானவை மிதக்கும். ஓரிரு நாளில் திரவத்தை மாற்றினால் மிதப்பவை போய்விடும்.

சோவியத் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைனும் அவரது குழுவும் 1960-களின் கடைசியிலும் 70-களிலும் செய்த வேலை இது. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தட்டு, திரவம், 37 டிகிரியில் வைக்க ஒரு பெட்டி, அப்புறம் பொறுமை. மஜ்ஜையின் அந்த வெண்வளையத்தில் இவ்வகைச் செல் பத்தாயிரத்தில் ஒன்றோ அதைவிடக் குறைவோதான். அது பெருகித் தட்டை நிரப்ப இரண்டு வாரம்போல ஆகும்.

குறை என்ன? மோனோசைட் வகையும் ஒட்டும், இணைப்புத்திசுச் செல்லும் ஒட்டும். தட்டிலேயே பலமுறை பெருக்கப் பெருக்க, செல்லின் குணமும் மெல்ல மாறும். உடம்பில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே தட்டிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் 2006-இல் பன்னாட்டுச் செல் சிகிச்சைச் சங்கம் ஒரு குறைந்தபட்ச இலக்கணம் வகுத்தது: பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும், மேல்புறத்தில் சில அடையாளங்கள் இருக்க வேண்டும், வேறு சில இருக்கக் கூடாது, ஆய்வகத்தில் எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாறிக் காட்ட வேண்டும். ஒட்டுவது மட்டும் போதாது என்று அதிகாரபூர்வமாகவே ஒப்புக்கொண்டது மாதிரிதான்.

## அடையாளத்தைப் பிடிப்பது: காந்தமும் வரிசையும்

ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் பல வகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தெந்தப் புரதம் என்பது செல்லுக்குச் செல் மாறும். அவற்றுக்கு சிடி1, சிடி2 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். ரத்த ஸ்டெம் செல் விஷயத்தில் அடிக்கடி காதில் விழுவது சிடி34.

ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பொருள்தான் ஆன்டிபாடி. நம் உடம்பு நோய்க்கிருமிக்கு எதிராக இதைத்தான் தயாரிக்கிறது. ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு ஆய்வகத்தில் உண்டாக்கும் வழியை கோஹ்லரும் மில்ஸ்டைனும் 1975-இல் கண்டுபிடித்தார்கள். 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது இல்லாமல் இனி சொல்லப்போகும் இரண்டு முறைகளும் இன்றைய வடிவத்துக்கு வந்திருக்காது.

முதலாவது காந்த முறை. தையல் கடையில் தரையில் சிந்திய குண்டூசிகளைக் காந்தம் வைத்து அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். துணி வெட்டு, நூல், பொத்தான் எல்லாம் கிடக்கும், ஊசி மட்டும் வரும். செல்லில் இரும்பு இப்படி இல்லையே? அதனால் சிடி34 ஆன்டிபாடியின் வாலில் மிகச்சிறிய காந்தத் துகளைக் கட்டிவிடுவார்கள். ஆன்டிபாடி போய்ச் செல்லில் ஒட்டும். எல்லாவற்றையும் காந்தத்துக்கு நடுவில் உள்ள குழாய் வழியே ஊற்றினால், சிடி34 உள்ளவை நிற்கும், மற்றவை வடிந்துவிடும். பிறகு காந்தத்தை எடுத்துவிட்டால் நின்றவையும் வரும். கோடிக்கணக்கான செல்களை ஓரிரு மணி நேரத்தில் கையாளலாம், ஏனென்றால் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிறது. ஆனால் காந்தத்துக்கு உண்டு, இல்லை என்பது மட்டும்தான் தெரியும். சிடி34 நிறைய இருக்கிறதா, கொஞ்சமா, கூடவே வேறு அடையாளமும் இருக்கிறதா என்றெல்லாம் கேட்க முடியாது.

இரண்டாவது லேசர் முறை. மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போகும்போது பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொருவராக விடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி. இங்கே ஆன்டிபாடியின் வாலில் ஒளிரும் சாயம். செல்களை மெல்லிய நீர்த்தாரையில் ஒற்றை வரிசையாக ஓடவிட்டு லேசர் அடிப்பார்கள். எந்த நிறம், எவ்வளவு ஒளிர்கிறது, செல் பெரியதா சிறியதா என்று ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். அடுத்த நொடித்துணுக்கில் தாரை துளிகளாக உடையும். வேண்டிய செல் இருக்கும் துளிக்கு மட்டும் மின்னூட்டம் கொடுத்து, பக்கத்தில் உள்ள மின்தகடுகளால் அதை இழுத்துத் தனிக்குழாயில் விழச் செய்வார்கள்.

துளிக்கு மின்னூட்டம் கொடுத்துத் திருப்பும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? அச்சு இயந்திரத்தில் இருந்து. மையைத் துளித்துளியாகத் தெளித்து எழுதும் இங்க்ஜெட் நுட்பத்தை எடுத்து, 1965-இல் மேக் ஃபுல்வைலர் செல் பிரிக்கும் கருவி செய்தார். அதில் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டான்ஃபோர்டின் லென் ஹெர்சன்பர்க். சிவகாசிக்குப் பக்கத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஐந்தாறு அடையாளங்களை ஒரே சமயத்தில் கேட்கலாம் என்பது இதன் பலம். 1988-இல் எலியின் ரத்த ஸ்டெம் செல்லை வைஸ்மனின் குழு இப்படிப் பல அடையாளங்களைச் சேர்த்துத்தான் பிரித்தது. பலவீனம், ஒவ்வொன்றாக விடுவது. நொடிக்குப் பத்தாயிரம் செல் என்று கணக்குப் போட்டால், பத்துக் கோடி செல்லை ஓட்ட இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அழுத்தத்தில் ஓடி, லேசர் பட்டு, துளியாகத் தெறித்து விழுவதில் சில செல்கள் சாகும். கருவியின் விலையும் கோடியைத் தொடும்.

சுருக்கமாக: காந்தம் ஒரு கேள்வி கேட்டு மொத்தமாக அள்ளுகிறது, லேசர் பல கேள்வி கேட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறது. அதனால் பல இடங்களில் முதலில் காந்தம், அப்புறம் லேசர் என்று இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்கள்.

## எது நல்ல முறை?

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லியை எப்படிப் பொறுக்குவது நல்லது என்று கேட்டால், ‘எதுக்கு?’ என்று திருப்பிக் கேட்பார்கள். கல்யாண மாலைக்கு ஒரே அளவு மொட்டாகப் பொறுக்க வேண்டும், கழிவு நிறையப் போகும். சென்ட்டுக்கு எண்ணெய் எடுக்கிறவருக்கு அந்த அழகு வேண்டாம், அளவு வேண்டும்.

இங்கேயும் சுத்தம், எண்ணிக்கை, உயிர் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். சுத்தத்தைக் கூட்டினால் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கைக்காகத் தட்டில் பெருக்கினால் குணம் மாறும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உலகம் முழுக்க நிரூபணமாகி, மிகப் பரவலாகச் செய்யப்படும் ஸ்டெம் செல் சிகிச்சை ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சைதான். அதில் பெரும்பாலும் ஸ்டெம் செல்லைச் சுத்தமாகப் பிரிப்பதே இல்லை! கொடையாளிக்கு ஊசி போட்டு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, வெள்ளையணுப் பகுதியை மட்டும் இயந்திரத்தில் சேகரிப்பார்கள். அதில் சிடி34 உள்ள செல் எத்தனை என்று எண்ணுவார்கள். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் வேண்டும் என்பது பரவலான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 12 கோடி. கலந்திருக்கும் மற்ற செல்களோடு அப்படியே ஏற்றிவிடுவார்கள். கொடையாளி பாதி மட்டும் பொருந்துகிறவராக இருந்தால், அவரது டி செல் என்ற வெள்ளையணு நோயாளியின் உடம்பைத் தாக்கும் ஆபத்து அதிகம். அதைத் தவிர்க்கும் வழிகளில் ஒன்றாகக் காந்த முறை உள்ளே வருகிறது.

சிடி34 உள்ள செல் எல்லாம் ஸ்டெம் செல்லும் அல்ல. அதில் மிகச்சிலதான் உண்மையான ஸ்டெம் செல். மற்றவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

## அப்புறம் எப்படித்தான் உறுதி செய்வது?

வேலை கொடுத்துப் பார்த்துத்தான். 1961-இல் டொரோன்டோவில் டில்லும் மெக்குல்லாக்கும் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜைச் செல்களை ஏற்றினார்கள். சுமார் பத்து நாளில் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் முளைத்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லில் இருந்து வந்த குடும்பம் என்பது பின்னர் உறுதியானது. ஸ்டெம் செல்லை யாரும் பிரித்தெடுப்பதற்கு வெகு முன்பே, அது இருக்கிறது என்று இப்படித்தான் தெரியவந்தது.

இன்றைக்கும் கடைசிச் சோதனை அதுதான். பிரித்த செல்லை எலிக்கு ஏற்றி, பல மாதம் காத்திருந்து, அதன் மஜ்ஜையை இன்னொரு எலிக்கு ஏற்றி, அங்கேயும் ரத்தம் ஊறுகிறதா என்று பார்ப்பது. விதைநெல் நல்லதா என்று உப்புத் தண்ணீர் ஓரளவு சொல்லும். முளைத்தால்தான் நிச்சயம்.

## மதுரையில் ஒரு கண்

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கண்ணில் கருப்பும் வெள்ளையும் சேரும் வட்டக் கோட்டுக்கு லிம்பஸ் என்று பெயர். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல் அங்கே இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்து அந்த ஓரம் வெந்துபோனால், கருவிழிமேல் வெள்ளைப் பகுதியின் தோல் ஏறி மூடிவிடும். குழந்தைகளுக்கு இது நடப்பதைக் கண் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில், வி.ஆர். முத்துக்கருப்பனின் குழு இந்தச் செல்லைத் தேடியது. பி63 என்ற புரதம் லிம்பஸ் செல்களில் நிறைய இருக்கும். ஆனால் ஸ்டெம் செல் அல்லாதவற்றிலும் ஓரளவு இருக்கும். அதனால் அவர்கள் இரண்டு அடையாளங்களைச் சேர்த்தார்கள்: பி63 மிக அதிகம், கூடவே செல்லின் பரப்பில் பெரும்பங்கு கருவாகவே இருப்பது. 2005-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டும் சேர்ந்திருந்தது லிம்பஸில் உள்ள ஒரு சிறு கூட்டம் மட்டுமே.

சரி, இதை வைத்துக் காந்தத்தில் பிடித்துவிடலாமே? முடியாது. சிடி34 செல்லுக்கு வெளியே நிற்கிறது. பி63 உள்ளே, கருவுக்குள் இருக்கிறது. ஆன்டிபாடி அங்கே போக வேண்டுமென்றால் செல்லின் சவ்வைத் துளைக்க வேண்டும், அதற்குள் செல் செத்துவிடும். எது ஸ்டெம் செல் என்று கண்டுகொள்ளலாம், உயிரோடு கையில் எடுக்க முடியாது. கண்டறிவதும் பிரித்தெடுப்பதும் ஒன்றல்ல என்று நான் யாருக்காவது சொல்ல நேர்ந்தால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் சிகிச்சை நின்றுவிடவில்லை. 2012-இல் ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் இருந்து வெளியான முறையில், நோயாளியின் நல்ல கண்ணில் இருந்து இரண்டு மில்லிமீட்டர் போல லிம்பஸ் துணுக்கை எடுக்கிறார்கள். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, அடிபட்ட கண்ணின்மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் துணுக்குகளில் இருந்து செல்கள் பரவிக் கருவிழியை மூடுகின்றன. கொலாஜினேஸ் இல்லை, ஆன்டிபாடி இல்லை, ஆய்வகத்தில் ஒரு குழாய்கூடச் சுழல்வதில்லை.